அறியாநிலைப் படம்: சிறுகடை ஒளிப்படங்களும் ஒரு கலைச்சொல்லும்

சிறுகடைகளையும் அவற்றை நடத்துவோரையும் அன்றாட நிலையில் பதிவு செய்யும் தெரு ஒளிப்படக்கலையில் 'கேண்டிட்' என்பது அடிப்படைக் கலைச்சொல்லாகும். ஆங்கிலத்தில் இச்சொல்லின் பொதுப்பொருள் 'ஒளிவுமறைவற்ற' என்பது. கலைச்சொல்லாகும்போதோ, படத்தில் இருப்பவர் அறியாதபடி எடுத்தலை இது சுட்டுகிறது. தமிழில் இதனை 'இயல்பான படம்' எனப் பெயர்த்தால் விளைவு மட்டுமே சொல்லப்படும். அவ்விளைவு எவருடைய அறியாநிலையால் கிடைத்தது என்பது மறைந்துவிடும்.

இத்தகைய பொருள் மறைவுக்குப் புகழ்பெற்ற முன்சான்று ஒன்று உண்டு. ஆன்றி கார்த்தியே-பிரெசோன் 1952இல் வெளியிட்ட ஒளிப்பட நூலின் பிரெஞ்சுத் தலைப்பு 'இமாழ் ஆ லா சொவெத்' என்பதாகும். இதிலுள்ள 'ஆ லா சொவெத்' என்னும் தொடர், உரிமமின்றித் தெருவில் கடைவிரித்து, காவலரைக் கண்டதும் சுருட்டிக்கொண்டு ஓடும் வணிகரின் செயலோடு தொடர்புடையது. அதே ஆண்டில் வந்த ஆங்கிலப் பதிப்போ 'தீர்வுக்குரிய கணம்' எனப் பொருள்படும் தலைப்பைப் பெற்றது. முன்னதில் ஒளிப்படக்காரர் பிடிபட அஞ்சும் தெருவணிகரின் நிலையில் நிற்கிறார். பின்னதில் கணத்தை ஆளும் கலைஞராக உயர்கிறார். உலக வழக்கில் நிலைபெற்றது ஆங்கிலத் தலைப்பே.

இவ்வேறுபாடு சொல்லளவில் நிற்பதன்று என்பதற்கு அத்திபெலே சான்றாகும். பெங்களூரு நகர மாவட்டத்தின் ஆனேக்கல் வட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டி அமைந்த ஊர் இது. எல்லையைக் கடந்தால் ஒசூர். கன்னடம், தெலுங்கு, தமிழ் ஆகிய மூன்றும் இப்பகுதியில் வழங்குகின்றன. கடைக்காரர் வாடிக்கையாளருக்கேற்ப மொழி மாற்றிப் பேசுதல் எல்லைப்புறக் கடைத்தெருக்களின் இயல்பு. ஆனால் ஒளிப்படத்தில் பதிவாவது பேச்சன்று, பெயர்ப்பலகையே. கருநாடகத்தில் 2024ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின்படி வணிக நிறுவனப் பெயர்ப்பலகையில் 60 விழுக்காடு கன்னடத்தில் இருத்தல் வேண்டும். எனவே பலகை காட்டுவது சட்டத்தின் மொழியை. கடைக்காரரின் வீட்டுமொழி அதுவாகவும் இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம். அவரைக் கேளாமல் எடுத்த படத்திற்குப் பலகையை மட்டும் படித்து விளக்கக்குறிப்பு எழுதுவோர், அவர்தம் மொழியடையாளத்தைப் பிழைபடப் பதிவு செய்ய நேரும். அப்படம் மொழிச்சூழல் ஆய்வுக்குத் தரவாகும்போது பிழையும் தரவாகிவிடும்.

முன்னரே கேட்டால் கடைக்காரர் சட்டையைச் சரிசெய்துகொண்டு நிற்பார், இயல்பு கெடும் என்பது ஒளிப்படக்காரர் கூறும் மறுப்பு. இது புறக்கணிக்கத்தக்கதன்று. எனினும் எடுத்தபின் கேட்பதற்கு இது தடையாகாது. படத்தைக் காட்டி இசைவு பெறுதலும், பெயரையும் மொழியையும் அவர் வாய்மொழியாலேயே அறிதலும் ஒரே உரையாடலில் முடிவன. மறுத்தாரெனில் அப்படத்தை விட்டுவிடுதலே முறை.

கலைச்சொல்லாக்கத்தில் 'இயல்பான படம்' என்பதினும் 'அறியாநிலைப் படம்' என்பது பொருத்தமுடையது. காதுக்கு இனிமை குறைவாயினும், கேட்கவேண்டிய கேள்வி ஒன்று எஞ்சியிருப்பதை அச்சொல் நினைவூட்டிக்கொண்டே இருக்கும்.