செடி செத்தால் இயந்திரம் நிற்குமா?

உயிருள்ள செடியை இயந்திரத்தின் முதுகில் ஏற்றி நடமாட விடும் கலை கடந்த பதினைந்து, இருபது ஆண்டுகளில் தனித் துறையாகவே தழைத்துவிட்டது. மெக்சிகோ, பெய்ஜிங், லண்டன், பாஸ்டன் என்று பல இடங்களில் கலைஞர்களும் பொறியாளர்களும் சேர்ந்து இதில் இறங்கியிருக்கிறார்கள். இவற்றைப் பற்றிய எழுத்துகளில் பெரும்பாலும் ஒரே பல்லவிதான்: மண்ணில் கட்டுண்டு கிடக்கும் தாவரத்துக்கு இவர்கள் விடுதலை வாங்கிக் கொடுக்கிறார்களாம். இதை அப்படியே ஒப்புக்கொண்டால் கால் வைத்த தொட்டி எல்லாமே அற்புதம் என்றாகிவிடும். நல்ல படைப்பையும் வேடிக்கைப் பொருளையும் பிரித்துப் பார்க்க வழியிருக்காது. பிரித்துப் பார்க்க உதவும் கேள்வி வேறு. செடி செத்துப்போனால் இயந்திரத்துக்கு என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது என்றால் செடி அங்கே வெறும் சவாரி போகிறது. இயந்திரமும் முடங்கும் என்றால் மட்டுமே அங்கே ஓர் உறவு இருக்கிறது, பேசுவதற்கு விஷயமும் இருக்கிறது.

இந்தக் கேள்வியை முதலில் எல்லோருக்கும் பிடித்த படைப்பிடமே கேட்டுப் பார்க்கலாம். பெய்ஜிங்கின் வின்கிராஸ் நிறுவனத்தைத் தொடங்கிய சுன் தியான்சி, தம் நிறுவனத்தின் ஹெக்ஸா என்ற ஆறுகால் ரோபோவின் தலையில் சதைப்பற்றுள்ள சிறு செடி ஒன்றை நட்டார். வெயில் இருக்கும் பக்கம் அது நண்டு போல நகர்ந்து போகும். போதுமான வெயில் கிடைத்ததும் நிழலுக்குத் திரும்பும். தண்ணீர் வேண்டுமென்றால் காலை உதறிக் காட்டும். 2018இல் அதன் காணொளியைப் பார்த்து உலகமே கொஞ்சியது. ஆனால் வெயிலைத் தேடுவதும் காலை உதறுவதும் ரோபோவுக்கு எழுதப்பட்ட நிரல். செடி வாடிக் கருகினாலும் அந்த ஆறு கால்களும் வெயிலைத் தேடிப் போய்க்கொண்டே இருக்கும். கென் கோல்ட்பர்க்கும் ஜோசப் சாந்தாரோமானாவும் 1995இல் அமைத்த டெலிகார்டனில் கால்கள் கூடக் கிடையாது. ஒரு தொழிற்சாலை இயந்திரக் கை, அதைச் சுற்றி ஒரு பாத்தி, உலகின் எந்த மூலையிலிருந்தும் இணையம் வழியாக விதை ஊன்றவும் தண்ணீர் ஊற்றவும் ஏற்பாடு. ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் 2004 வரை இயங்கிய அந்தத் தோட்டத்தில் நடமாடியது எதுவும் இல்லை என்றாலும், செடியின் உயிருக்கு முகம் தெரியாத பலர் பொறுப்பேற்றார்கள். ஹெக்ஸாவை விட அதற்கே என் மதிப்பெண் அதிகம்.

அடுத்த வகை, செடியின் உடலிலிருந்தே சமிக்ஞையை எடுக்கும் படைப்புகள். இதன் வேர் நம் நாட்டில் இருக்கிறது. தொட்டால் சுருங்கும் செடியிலும் தொழுகண்ணியிலும் மின்துடிப்பு ஓடுவதை ஜகதீச சந்திர போஸ் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தாமே வடிவமைத்த கருவிகளால் பதிவு செய்தார். 1917இல் கல்கத்தாவில் ஆய்வகமும் நிறுவினார். தொட்டாச்சிணுங்கியில் அந்தத் துடிப்பு வினாடிக்குச் சில சென்டிமீட்டர்தான் நகரும். பிரேசில் கலைஞர் இவான் ஹென்ரிக்ஸ் அதே செடியை எடுத்துச் சக்கர வண்டியில் வைத்தார்: இலையைத் தொட்டால் வண்டி விலகிப் போகும். எம்.ஐ.டி. ஊடக ஆய்வகத்தில் ஹர்ப்ரீத் சரீன் 2018இல் செய்த எலோவனில் இலைகளிலும் அடியிலும் மின்முனைகளைப் பொருத்தினார்கள். இரு புறமும் மேசை விளக்குகள். எந்த விளக்கு எரிகிறதோ அதற்கேற்ப இலையில் எழும் மிகச் சிறிய மின்மாற்றத்தைப் பெருக்கிச் சக்கரங்களுக்கு அனுப்ப, தொட்டி ஒளியை நோக்கி உருளும். இங்கே செடி செத்தால் வண்டி நின்றுவிடும். என் கேள்விக்கு ஆம் என்று பதில் சொல்லும் முதல் வகை இது.

அப்படியானால் செடி விரும்பித்தான் நகர்கிறது என்று சொல்லலாமா? கூடாது. தாவரங்களுக்கு நரம்பியல் உண்டு என்ற பேச்சை மறுத்து 2007இல் 36 தாவர அறிவியலாளர்கள் சேர்ந்து ஒரு கடிதமே வெளியிட்டார்கள். அவர்கள் எச்சரிக்கை நியாயமானது. மின்மாற்றம் உண்மை. ஆனால் அதை வலப்பக்கம் திரும்பு என்ற கட்டளையாக வாசிப்பது மனிதர் எழுதிய நிரல். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் பேராசிரியர் டி.சி.என். சிங் ஐம்பதுகளில் செடிகளுக்கு இசை கேட்கச் செய்து ஆராய்ந்தது இன்றும் ஆர்வத்தோடு எடுத்துச் சொல்லப்படுகிறது. செடி ராகத்தை ரசித்தது என்று நாம் சேர்த்துக்கொண்ட பகுதிதான் அதில் அதிகம் பரவியது. இந்த ஆசையைக் கேலி செய்வது போலவே இருக்கிறது கலைஞர் டேவிட் போவனின் ஒரு படைப்பு: பிலோடெண்ட்ரான் செடியின் இலைகளில் ஏற்படும் மின்தடை மாற்றங்களுக்கேற்ப ஓர் இயந்திரக் கை வெட்டரிவாளைச் சுழற்றும். செடிக்குக் கோபம் என்று சிரித்துக்கொண்டே நம்பத் தோன்றும்.  ஆகவே விருப்பம் என்ற சொல்லை இத்துறையிலிருந்து விலக்கி வைப்பதில் நஷ்டமில்லை. ஒன்றை ஒன்று சார்ந்திருக்க விருப்பம் தேவையே இல்லை.

அந்தச் சார்பை மிகத் தூரம் கொண்டுபோனவர் மெக்சிகோவின் ஹில்பெர்த்தோ எஸ்பார்சா. அவருடைய நாடோடித் தாவரங்கள் என்ற படைப்பில் கால்களுள்ள ஒரு ரோபோ முதுகில் செடிகளோடு மாசடைந்த ஆற்றங்கரையில் நிற்கும். குழாயை நீட்டிக் கழிவுநீரை உறிஞ்சி, வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர் மின்கலங்களுக்குள் செலுத்தும். பாக்டீரியாக்கள் அழுக்கைச் சிதைக்கும்போது எலெக்ட்ரான்களை விடும். அதுதான் அதன் மின்சாரம். அழுக்கு குறைந்த தண்ணீர் செடிகளுக்குப் போகும். பாக்டீரியாவிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்பதை பாட்டர் என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர் 1911இலேயே காட்டியிருந்தார், ஆனால் ஒரு கலத்திலிருந்து கிடைப்பது ஒரு வோல்ட் கூட இல்லை. பல கலங்களைச் சேர்த்தாலும் வெகு நேரம் நின்று சேமித்துத்தான் சில அடிகள் எடுத்து வைக்க முடியும். பார்க்க வருபவர்கள் ரோபோ நடக்கும் என்று எதிர்பார்க்கிறார்கள். அது பெரும்பாலும் நிற்கிறது. செடியின் வேகத்துக்கு இயந்திரம் இறங்கி வந்திருக்கிறது, செடி இயந்திரத்தின் வேகத்துக்கு ஏறவில்லை. கழிவுநீர் நுண்ணுயிர்களையும் தாவரங்களையும் இணைத்து அவர் பின்னர் செய்த இன்னொரு படைப்புக்கு 2015இல் ஆர்ஸ் எலெக்ட்ரானிகா கலை அமைப்பின் கோல்டன் நீக்கா விருது கிடைத்தது.

இத்துறைக்கு எதிரான வலுவான வாதம் தாவரவியலிலிருந்தே வருகிறது. செடிக்குக் கால் எதற்கு? இடம்பெயராமல் வாழக் கற்றதுதான் அதன் வெற்றி; விதை காற்றிலும் தண்ணீரிலும் பறவை வயிற்றிலும் போய்ச் சேருகிறது. திருநெல்வேலி மாவட்டத்தின் கல்லிடைக்குறிச்சியில் இந்த வாதத்துக்குச் சாட்சி ஆற்றிலேயே மிதக்கிறது. தென்னமெரிக்காவிலிருந்து வந்த அமலைச்செடி, சாக்கடையின் சத்தைக் குடித்துப் பெருகி, தாமிரபரணியின் ஓட்டத்தோடு படித்துறை படித்துறையாக இறங்கிப் போகிறது. மாசுநீரைத் தின்று நகரும் தாவரம் வேண்டுமென்றால் அது ஏற்கெனவே இருக்கிறது. அதை அள்ளிக் கரையில் போட ஆள்தான் கிடைப்பதில்லை. இந்த வாதத்தின் முதல் பாதியை ஒப்புக்கொள்கிறேன். செடிக்குக் கால் தேவையில்லை. ஆனால் செடியைச் சுமந்து நடக்கும் தேவை மனிதருக்கு எப்போதுமே இருந்திருக்கிறது. நெல்லைச் சீமை அம்மன் கோயில் கொடை விழாக்களில் பெண்கள் எடுக்கும் முளைப்பாரியைப் பாருங்கள். எருவிட்ட பாத்திரத்தில் நவதானியம் தூவி, வெளிச்சம் படாத அறையில் வைத்து நாள் தவறாமல் தண்ணீர் தெளித்து, வெளிர்மஞ்சளாக நீண்டு வளர்ந்த நாற்றைத் தலையில் சுமந்து கும்மி கொட்டி ஊர்வலம் போய்க் கடைசியில் தண்ணீரில் கரைக்கிறார்கள். நாற்று நன்றாக வந்தால் ஊர் செழிக்கும், கருகினால் ஊருக்கு ஆகாது. விதையின் தரத்தைச் சோதிக்கும் முறை இது என்று சொல்பவர்களும் உண்டு. அங்கே சுமப்பவரின் கதி சுமையில் கட்டப்பட்டிருக்கிறது. ஹெக்ஸாவில் இல்லாதது அதுதான்.

எஸ்பார்சாவின் ரோபோவைத் தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் நிறுத்திப் பார்த்தால் படைப்பின் உள்முரண் தெளிவாகும். பொதிகையிலிருந்து இறங்கி, கல்லிடைக்குறிச்சிக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் நடுவே ஓடும் தண்ணீர் ஒப்பீட்டளவில் தெளிவானது. பிசான நெல் பருவத்துக்கு அணை திறந்து ஆறு நிறைந்து ஓடும் நாட்களில் அந்தப் பாக்டீரியாக்களுக்குத் தீனி இன்னும் குறையும். அதே ரோபோவைத் திருநெல்வேலிக்குக் கொண்டுபோய், மாநகரின் சாக்கடை கலக்கும் இடத்தில் இறக்கிவிட்டால் பசியாறி நடக்கும். நல்ல தண்ணீரில் பட்டினி கிடந்து கெட்ட தண்ணீரில் உயிர் பிழைக்கும் கருவி இது. அப்படியென்றால் அழுக்கு நீடிப்பதை விரும்பும் கலைதானே என்று கேட்கலாம். விரும்புகிறது என்பதை விட, அழுக்கைக் கண்ணுக்குத் தெரியும் அசைவாக மாற்றுகிறது என்பதே சரி. சுத்திகரிப்பு நிலையத்தின் வேலையை அது செய்யாது. அதன் வயிற்றுக்குள் போகும் சில லிட்டர் ஆற்றுக்கு ஒரு பொருட்டே அல்ல. ஆய்வக அறிக்கையில் எண்ணாக மட்டும் கிடக்கும் ஒரு விஷயத்தைக் கரையில் நிற்பவர் கண்ணால் காண முடிகிறது, அவ்வளவுதான். இந்தச் செலவுக்கு ஒரு தெருவுக்குச் சாக்கடை கட்டலாமே என்பதற்குப் பதில், கட்டலாம் என்பதுதான். ஆனால் கலைக்காட்சிக்கான பணம் ஒருபோதும் சாக்கடைக் கணக்கிலிருந்து எடுக்கப்படுவதில்லை, அதை நிறுத்தினால் மிச்சமாகும் காசு தெருவுக்கு வந்து சேர்வதும் இல்லை.