வலது பக்கம் நிற்பவர்

பிக்கிள்பாலில் பென் ஜான்ஸைக் கொண்டாட உலகமே இருக்கிறது. எனக்கு அவருடைய அண்ணன் கோலின்தான். இருவரும் ஜோடியாக ஆடிய காலத்து ஆட்டங்களை இன்றைக்குப் போட்டுப் பார்த்தாலும் என் கண் இடது பக்கம் போவதில்லை. அங்கே பென் நடுக்கோட்டைத் தாண்டி வந்து அடிப்பார், கூட்டம் எழுந்து நிற்கும். மிச்சமிருக்கும் ஒடுக்கமான வலது பக்கத்தில் கோலின் நிற்பார். பென் கைக்குப் பந்தைக் கொடுக்க யாருக்கும் மனசு வராது. அதனால் எதிரணி திரும்பத் திரும்ப இவரைத்தான் தேடி வரும். பேஸ்லைனில் நின்றபடி சர்வுக்கும் அதன் பதிலுக்கும் அடுத்த அந்த மூன்றாவது பந்தை, வலையை ஒட்டிய கிச்சன் பகுதிக்குள் இறக்கவேண்டிய பொறுப்பு இவருடையது. இறக்குவார். அடுத்ததையும் இறக்குவார். பதினோரு புள்ளி முடியும்வரை அதே கை, அதே முகம்.

இப்படி இறக்கும் அந்த டிராப்பைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். பந்தின் உச்சி வலைக்கு இந்தப் பக்கமே முடிந்துவிடும். வலையைக் கடக்கும்போது அது ஏற்கெனவே இறங்கத் தொடங்கியிருக்கும். நாம் போடும் டிராப்பில் உச்சி வலைக்கு நேர் மேலே இருக்கும், இல்லையென்றால் அந்தப் பக்கம் போய்விடும். எதிரே நிற்பவருக்கு இடுப்பு உயரத்தில் வாகாக வந்து நிற்கும் பந்து அது. இரண்டுக்கும் இடையில் ஒன்றரை அடி வித்தியாசம் இருந்தால் அதிகம். அந்த ஒன்றரை அடிக்காகத்தான் வருஷக்கணக்கில் சாதகம் செய்யவேண்டியிருக்கிறது. டென்னிஸிலிருந்து வருபவர்கள் கையைப் பின்னால் இழுத்து வீசும் பழக்கத்தையும் கூடவே கொண்டுவந்துவிடுவார்கள். கோலினும் தொழில்முறை டென்னிஸ் ஆடியவர்தான். ஆனால் மென்மையான பந்துக்கு அந்த வீச்சு வேண்டாம் என்பது அவர் தோளுக்கே தெரிந்திருக்கிறது.

என்னோடு ஆடும் நண்பர் ஒருவருக்கு, கிச்சனுக்குள் மெல்லத் தட்டிவிடும் டிங்க்கிலெல்லாம் பொறுமை கிடையாது. "டிங்க் போட்டுக்கிட்டே இருந்தா பாயிண்ட் எப்போ சார் வரும்?" என்பார். இரண்டாவது பந்திலேயே வந்துவிட்டது என்பதுதான் என் பதில். முதல் பந்து எதிராளியின் இடது கால் கட்டைவிரலுக்கு முன்னால் விழுகிறது. அதைக் காற்றில் எடுப்பதா, பின்னால் போய்க் குதிக்க விடுவதா என்று அவருக்கு ஒரு கணம் தடுமாற்றம். இரண்டாவது பந்து அதே கோட்டில் ஒரு சாண் வெளியே. எடுத்துவிடுவார், ஆனால் வலது கால் ஊன்றிய இடத்திலிருந்து மீள அரை நொடி தாமதம். மூன்றாவது பந்து மறுபடி காலடியில். நான்காவது, அவரும் துணைவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும் நடு இடத்தில். ஐந்தாவது பந்து தானாக மேலே எழும், யார் வேண்டுமானாலும் அடிக்கலாம். கூட்டம் கைதட்டுவது அந்த ஐந்தாவதுக்கு.

டிங்க்கைக் குறுக்கே போடுவதா நேரே போடுவதா என்பது இன்னொரு பழைய சண்டை. நான் குறுக்குக் கட்சி. கம்பத்தருகே 36 அங்குலம் இருக்கும் வலை நடுவில் 34 ஆகத் தொய்கிறது. இரண்டு கிச்சனையும் நேராகக் கடந்தால் 14 அடி, மூலையிலிருந்து மூலைக்கு 24 அடிக்குச் சற்று மேல். தாழ்ந்த வலையும் பத்தடி கூடுதல் இடமும் சும்மா கிடைக்கும்போது அதை வேண்டாம் என்பானேன்? நேர் டிங்க் அழகானதுதான், ஆனால் அது ஆளை ஏமாற்ற எப்போதாவது எடுக்கவேண்டியது. அதையே தொழிலாக வைத்துக்கொண்டவர்களின் பந்து பத்தில் ஒன்றாவது உயரே எழும்பி அடி வாங்குவதைப் பார்க்கிறேன்.

இந்த மென்மையின் ருசி எனக்குப் பிக்கிள்பாலில் வந்ததல்ல. அப்பா கேரம் ஆடுவார். பவுடர் தூவிய பலகையில், குழிக்குப் பக்கத்திலிருக்கும் சிவப்பை நான் பட்டென்று சுண்டினால் அது குழியின் உதட்டில் மோதித் திரும்பி வந்துவிடும். "காயை அனுப்பாதடா, கொண்டுபோய் விடு" என்பார். அவர் சுண்டினால் காய் குழியின் விளிம்புவரை போய், நின்றுவிடுமோ என்று நாம் நினைக்கும்போது உள்ளே விழும். இருபத்தேழு கிராம்கூடத் தேறாத ஓட்டைப் பந்தை வலைக்கு மேல் விடும்போதெல்லாம் எனக்கு அந்த விரல்தான் ஞாபகம் வருகிறது.

எங்கள் குடியிருப்பில் பழைய பாட்மின்டன் கோர்ட்டிலேயே கோடு போட்டுக்கொண்டோம். 20-க்கு 44 அடி, இரண்டு ஆட்டத்துக்கும் ஒரே அளவு. அங்கே வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் காலை ஆறு மணிக்கு வருவார். எதிர்க் கிச்சனின் மூலையில் முதலில் ஒரு துண்டை விரிப்பார். அதில் இருபது பந்து விழுந்ததும் துண்டை எடுத்துவிட்டு ஒற்றைச் செருப்பை வைப்பார். அதற்கப்புறம் தண்ணீர் பாட்டில் மூடி. எதிரே நான் நிற்கவேண்டும். அடிக்கக்கூடிய உயரத்தில் பந்து வந்தால் அதை அடிக்காமல் "அடி" என்று சொல்லவேண்டும், அவ்வளவுதான் என் வேலை. "அடி" என்றால் எண்ணிக்கை பூஜ்யத்துக்குத் திரும்பும். மூடியில் பந்து பட்டதை நான் மூன்று முறைதான் பார்த்திருக்கிறேன். ஆனால் அதைச் சுற்றி ஒரு சாணுக்குள் விழாத பந்தும் குறைவு. அவர் பேடிலில் பந்து பட்டால் 'டொக்' என்று அடங்கிய ஓசை. பிடி இறுகினால் அது 'டக்' என்று மாறும். கண்ணை மூடிக்கொண்டே எந்தப் பந்து நீளமாகப் போகிறது என்று சொல்லிவிடலாம்.

இப்போது வரும் பேடில்கள் அந்த ஓசையையே கொன்றுவிட்டன. பந்து பட்டதும் எகிறுகிறது. நேற்றுவரை கிச்சனில் விழுந்த அதே கையசைவில் இன்று ஓரடி தள்ளி விழுகிறது. நான் இன்னும் 16 மில்லிமீட்டர் தடிமனுள்ள பழைய மட்டையைத்தான் வைத்திருக்கிறேன், கைப்பிடியில் மூன்றாவது முறை நாடா சுற்றியாகிவிட்டது. மட்டையைக்கூட மன்னிக்கலாம், கற்றுக்கொடுப்பதை மன்னிக்க முடியவில்லை. அண்ணன் மகனை ஒரு பயிற்சி வகுப்பில் சேர்த்தோம். நான்கு வாரமும் டிரைவ், ஸ்மாஷ், மறுபடி டிரைவ். டிங்க் எப்போது என்று கேட்டேன். பிள்ளைகளுக்குச் சலிப்புத் தட்டும் என்றார்கள். அந்தப் பையன் இன்று பந்தைக் காற்றில் கிழிக்கிறான், காலடியில் விழும் பந்துக்கு மட்டும் அவனிடம் விடை இல்லை. விரும்பிச் சலித்துக்கொள்ள ஒருவனுக்கு வாய்ப்புக் கொடுக்காமல் ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்ததாக எப்படிச் சொல்வது?

2025 முதல் பென், கேப் டார்டியோவோடு ஜோடி சேர்ந்து ஆடுகிறார். பட்டங்களும் குவிகின்றன. ஆட்டம் வேகமாகிவிட்ட காலத்தில் அந்த முடிவில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனாலும் வலது பக்கத்து மூலையில் அந்த அமைதியான கையைத் தேடிப் பார்த்து ஏமாந்துபோகிறேன்.

ஓய்வு பெற்ற அந்த நண்பர் மகளோடு இருக்க ஊர் மாறிப் போய்விட்டார். பாட்டில் மூடி என் பையில் இருக்கிறது. காலை ஆறு மணிக்கு எங்கள் கோர்ட் காலியாகத்தான் கிடக்கிறது. எதிரே நின்று "அடி" என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும்.