படத்தில் இரைச்சல்

சின்ன டிஜிட்டல் காமிராக்களைப் பற்றி அபிப்பிராயம் சொல்பவர்கள், படத்தில் "இரைச்சல்" அதிகம் என்று குறை சொல்வதுண்டு. முதல் தடவை கேட்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. படம் எங்கேயாவது சத்தம் போடுமா? பிறகுதான் வார்த்தை பொருத்தமானது என்று தெரிந்தது. நிழலான மூலையில், அங்கே இருக்க நியாயமில்லாத புள்ளிகள் இறைந்து கிடக்கும்; நல்ல கச்சேரியில் பின்வரிசைக்காரர்கள் பேசிக்கொண்டிருப்பதைப் போல.

காரணம் எளிது. ஒளியும் மழை மாதிரி துளித்துளியாகத்தான் விழுகிறது. 100 துளி விழ வேண்டிய இடத்தில் ஏறக்குறைய 10 துளி கூடும், அல்லது குறையும். 10,000 துளி விழும் இடத்தில் வித்தியாசம் 100தான். முன்னதில் நூற்றுக்குப் பத்து. பின்னதில் நூற்றுக்கு ஒன்று. ஆகவே வெளிச்சம் குறையக் குறையத் தடுமாற்றம் அதிகம். பழைய பிலிமில் ஒரு படத்தின் அளவு 36-க்கு 24 மில்லிமீட்டர். சட்டைப்பைக் காமிராக்களில் வழக்கமாக இருந்த ஸென்ஸரோ ஏறக்குறைய 6-க்கு 4½. பரப்பில் முப்பதில் ஒரு பங்கு. அந்தச் சின்ன முற்றத்தில் எத்தனை பாத்திரம் வைத்தாலும் விழுகிற மழை அவ்வளவுதான்.

இது தெரிந்தும் வியாபாரிகள் மெகா பிக்ஸல் கணக்கைத்தான் பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டார்கள். நாவலைப் பக்கக் கணக்கில் மதிப்பிடுவதற்கு இது சமானம். 2006-ல் வந்த புஜிபிலிம் எப்.30-க்கு 6 மெகா பிக்ஸல்தான். ஆனாலும் மங்கலான வெளிச்சத்தில் அது எடுத்த படங்களை ரசிகர்கள் பல வருஷம் பாராட்டிக்கொண்டிருந்தார்கள். 2008-ல் கானன் ஜி.10-க்கு 14.7 மெகா பிக்ஸல். மறு வருஷம் வந்த ஜி.11-க்குப் பத்துத்தான். பக்கங்களைத் தானே வெட்டியெறியத் துணிந்த எழுத்தாளனிடம் ஏற்படும் மரியாதை அந்தக் காமிராவிடம் எனக்கு உண்டு.

விமரிசகர்கள் மட்டும் நியாயஸ்தர்களா? 4000 புள்ளி அகலமுள்ள படத்தை, அங்குலத்துக்கு 100 புள்ளி காட்டும் திரையில் முழு அளவில் விரித்துப் பார்க்கிறார்கள். அதாவது மூன்றடிக்கு மேல் அகலமான படத்தை ஒரு முழ தூரத்தில் வைத்துக்கொண்டு குற்றம் தேடுகிறார்கள். தபால் அட்டை அளவில் அச்சிட்டால் அந்தக் குற்றங்களில் பெரும்பாலானவை கண்ணுக்கே தெரியாது.

நானும் ஒரு தடவை இப்படித் தீர்ப்புச் சொல்ல நேர்ந்தது. மின்சாரம் போன ஒரு மாலை, குத்துவிளக்கு வெளிச்சத்தில் என் தாயாரை இரண்டு படம் எடுத்தேன். இரைச்சலை அடக்கும் ஏற்பாட்டை முடுக்கி ஒன்று, தணித்து ஒன்று. அதுவே அவளுடைய கடைசிப் படமாகிவிட்டது. சட்டம் போடும் சமயம் வந்தபோது தமக்கை மகன், "மாமா, இதில் ஒரே இரைச்சல். மற்றதைப் போடுங்கள்" என்றான்.

மற்றது சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் கன்னம் மெழுகு பூசினாற்போல் இருந்தது. நெற்றிச் சுருக்கங்களைக் காணோம். நரைத்த மயிரிழைகள் ஒரே திட்டாக ஒட்டிக் கிடந்தன. பக்கத்துப் புள்ளிகளோடு ஒத்துப்போகாததையெல்லாம் சமன் செய்வதுதான் அந்த ஏற்பாட்டின் வேலை. எது அழுக்கு, எது எண்பது வருஷத்துச் சுருக்கம் என்று அதற்கு எப்படித் தெரியும்?

எல்லா இரைச்சலையும் மன்னிக்கலாம் என்று நான் வாதாடவில்லை. முகத்தில் படரும் சிவப்பு, பச்சைத் திட்டுகள் அவலட்சணம்தான். அவற்றை நீக்குவதே நல்லது. மணல் தூவினாற்போன்ற சொரசொரப்பு வேறு. பிலிம் காலத்திலேயே நாம் அதோடு பழகியவர்கள். அதன் ஊடே முகம் தெரிகிறது. வழித்துத் துடைத்த படத்திலிருந்து போனதோ திரும்ப வராது.

ஆகவே, படத்தில் வேண்டாதது எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதை இரண்டாவதாகக் கேட்கலாம். வேண்டியது எவ்வளவு தொலைந்திருக்கிறது என்பதே முதல் கேள்வி.

கூடத்தில் இரைச்சல் படம்தான் மாட்டியிருக்கிறது. வருகிறவர்களில் எவரும் இதுவரை புள்ளிகளைப் பற்றிப் பேசவில்லை.