மேகமும் புதரும் ஒன்றே

1985-இல் நின்டெண்டோ வெளியிட்ட ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ ஆட்டத்தில் வானத்து மேகத்தையும் தரையில் இருக்கும் புதரையும் உற்றுப் பாருங்கள். இரண்டும் ஒரே படம்தான். வெள்ளை பூசினால் மேகம்; பச்சை பூசினால் புதர். மொத்த ஆட்டமும் 40 கிலோபைட்டுக்குள் அடங்க வேண்டும். அதில் படங்களுக்குக் கிடைத்தது வெறும் 8. பழைய புடவையைப் பாவாடையாகத் தைத்துவிடும் அம்மாக்களின் சாமர்த்தியம் இது.

மாரியோவின் மீசையும் அப்படி வந்ததே. 1981-இல் ‘டாங்கி காங்’ ஆட்டத்துக்காக அவனை உருவாக்கிய ஷிகெரு மியாமோட்டோவிடம் இருந்தவை சில புள்ளிகளே. வாய் வரைய இடமில்லை, மீசை வைத்தார். தலைமுடி வரைவது சிரமம், தொப்பி மாட்டினார்.

‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ ஆட்டத்தின் இன்னொரு வேடிக்கை, 1-2 கட்டத்தின் முடிவில் இருக்கிறது. சுவரை ஊடுருவிப் போய்க் குழாயில் இறங்கினால், ‘-1’ என்றொரு நீருலகம் வரும். நிஜத்தில் அது 36-1. 36-ஆம் எண்ணுக்குரிய படம் வெற்றுக் கட்டம் என்பதால் கோடும் ஒன்றும் மட்டும் திரையில் தெரிகின்றன. கார்ட்ரிட்ஜ் பதிப்பில் அதன் கடைசிக் குழாய் மறுபடியும் தொடக்கத்துக்கே அனுப்பிவிடும். கரையேற வழியில்லை என்று தெரிந்தும் அதைத் தேடிப் போய் நீந்துகிறவர்கள்தான் அசல் ரசிகர்கள்.