கரையோரம் செதுக்கும் கலை

நேச்சுரல் எர்த் இலவசமாக வழங்கும் 1:1 கோடி அளவை உலக வரைபடத் தரவிலிருந்து நார்வேயை எடுத்து, அட்சரேகை தீர்க்கரேகை எண்களையே நீளமும் அகலமுமாகக் கொண்டு இன்க்ஸ்கேப் என்னும் வரைகலைச் செயலியில் விரித்தால், அந்த ஒடுங்கிய தேசம் விகாரமாகப் பருத்துக் கிடக்கும். ஏனெனில், 60 பாகை அட்சரேகையில் ஒரு தீர்க்கரேகைப் பாகையின் அகலம் நிலநடுக்கோட்டில் உள்ளதில் பாதியே என்பதைத் தட்டையான திரை அறியாது. ஆகவே கியூஜிஐஎஸ் என்னும் நிலப்படச் செயலியில் அந்நாட்டுக்குரிய யூ.டி.எம். வீழலின் 33-ஆம் மண்டலத்துக்கு மாற்றிக்கொள்வதே முதற்காரியம்.

என் மனத்தைக் கவர்வது அடுத்த கட்டம். கோடுகளை எளிமையாக்கும் மேப்ஷேப்பர் செயலியில், 1993-இல் விஸ்வலிங்கமும் வயட்டும் வெளியிட்ட முறைப்படி, கரைக்கோட்டின் ஒவ்வொரு புள்ளியும் இருபுறத்து அண்டைப் புள்ளிகளோடு சேர்ந்து அமைக்கும் முக்கோணங்களுள் பரப்பில் மிகச் சிறியது எதுவோ அதற்குரிய புள்ளியை நீக்கி, மீண்டும் கணக்கிட்டு, மீண்டும் நீக்கிச் செல்லுகையில், அற்பமான நெளிவுகள் உதிர்ந்து கரையின் முகச்சாயல் மட்டும் துலங்கி நிற்கும் விந்தையைக் காண்கிறோம். (ஓவியர் எவரும் பொறாமைப்படத்தக்க சிக்கனம் இது.) எளிமையின் அளவைக் கூட்டிக் குறைக்கும் நகர்த்தியைச் சற்றே அதிகமாக இழுத்துவிட்டாலோ, 200 கிலோமீட்டருக்கு மேல் உள்நுழையும் சொக்னே ஃபியோர்டு வெறும் ஆப்புவடிவமாகும், சிறு தீவுகள் மறையும். எங்கே நிறுத்துவது என்பதை யந்திரம் சொல்லாது. அச்சாகும் அளவை மனத்திற்கொண்ட கண்தான் தீர்மானிக்க வேண்டும்.

சுவீடனோடு பகிர்ந்த எல்லையை இரு நாட்டுக்கும் ஒரே கோடாகவே செதுக்க வேண்டும். தனித்தனியே செதுக்கினால் வண்ணம் தீட்டும்போது இடையே வெள்ளைக் கீற்றுகள் பல்லிளிக்கும். பிறகு கரை, எல்லை, ஆறு, ஊர் என அடுக்குகளுக்குப் பெயரிட்டு எஸ்விஜியாகச் சேமிப்பது குமாஸ்தா வேலை.