பால்ட்ரேயிலிருந்து போர்ட்ரஷ் வரை

2009 மே மாதம், அயர்லாந்தின் கிழக்குக் கரையிலுள்ள பால்ட்ரேயில் ஐரிஷ் ஓப்பன் கோல்ஃப் பட்டத்தை வென்றபோது ஷேன் லோரிக்கு 22 வயது. அப்போதும் அவர் அமெச்சூர்தான். இரண்டாம் சுற்றை 62 அடிகளில் முடித்தவர், கடைசி நாள் மழையில் இங்கிலாந்தின் ராபர்ட் ராக்குடன் சமநிலைக்கு வந்து, பிளே-ஆஃபின் மூன்றாவது குழியில் வென்றார். அமெச்சூருக்குப் பரிசுப் பணம் இல்லை என்பது அன்றைய விதி. முதல் பரிசான 5 லட்சம் யூரோ தோற்றவருக்குப் போனது. அன்றிலிருந்து இந்த வெற்றியைக் குருட்டு அதிர்ஷ்டமாகவே பலர் சொல்லி வருகிறார்கள். எனக்கு அது ஏற்புடையதல்ல. அயர்லாந்தின் அமெச்சூர் களம் பல ஆண்டுகளாகச் செய்துவந்த வேலையின் விளைச்சல் அது.

அந்நாட்டின் கோல்ஃப் சங்கம் 1891இல் தொடங்கியது. தீவு அரசியலால் இரண்டாகப் பிரிந்த பின்னும் கோல்ஃபில் அணி ஒன்றாகவே நீடித்தது. அதனால் தெற்கே ஆஃபலியின் லோரியும் வடக்கே ஹாலிவுட் ஊரின் ரோரி மெக்கில்ராயும் ஒரே போட்டிகளில் வளர்ந்தார்கள். ராஸஸ் பாயிண்டில் நடக்கும் மேற்கு அயர்லாந்துப் போட்டியை மெக்கில்ராய் 2005, 2006இலும் லோரி 2008இலும் வென்றனர். அட்லாண்டிக் காற்று வீசும் கரை அது. உயரே தூக்கியடித்த பந்தைக் காற்று எங்கோ கொண்டுபோய்விடும். தாழ அடித்துத் தரையில் ஓடவிடப் பழகாதவர் அங்கே தேற முடியாது. கடலே இல்லாத ஆஃபலியிலிருந்து வந்த லோரிக்கு அந்தப் பாடம் கிடைத்தது இத்தகைய போட்டிகளில்தான்.

அப்படியானால் தொழில்முறைக்கு மாறிய முதல் போட்டியிலேயே அவர் கட் (கடைசிச் சுற்றுகளில் ஆடத் தேவையான வரம்பு) தாண்டாதது ஏன், அடுத்த பட்டத்துக்கு 2012 வரை காத்திருந்தது ஏன் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வாரந்தோறும் வேறு நாடு, வேறு புல்தரை, பிழைப்பே ஆட்டத்தை நம்பி என்கிற வாழ்க்கையை அமெச்சூர் களம் கற்றுத்தர முடியாது. ஆனால் அந்த ஒரு வெற்றி, ஐரோப்பியச் சுற்றில் 2011 இறுதிவரை ஆடும் உரிமையைத் தந்தது. கற்றுக்கொள்ள அவகாசம் கிடைத்தது. மெக்கில்ராய் 18 வயதிலேயே மாறினாரே என்பது இன்னொரு வாதம். அவரும் அமெச்சூர் அணிகளுக்கான வாக்கர் கோப்பை ஆடிவிட்டுத்தான் மாறினார். மூன்று வாக்கர் கோப்பைகள் ஆடி, கணக்கியலும் படித்து, 24 வயதில் மாறிய அயர்லாந்தின் பாட்ரிக் ஹாரிங்டன் அடுத்த ஆண்டே ஸ்பானிஷ் ஓப்பனையும் பின்னர் மூன்று மேஜர் பட்டங்களையும் வென்றார். மாறும் வயது ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. கடந்து வந்த களம் ஒன்றுதான்.

அந்தக் களம் காற்றில் கற்றுத்தந்த பாடத்துக்கு வலுவான சான்று, 2019இல் வட அயர்லாந்தின் ராயல் போர்ட்ரஷில் நடந்த பிரிட்டிஷ் ஓப்பன். அதற்கு முந்தைய நான்கு ஓப்பன்களிலும் லோரி கட் தாண்டவில்லை. 2016 யு.எஸ். ஓப்பனில் கடைசிச் சுற்றுக்கு முன் நான்கு அடி முன்னிலை பெற்றும் கோட்டைவிட்டிருந்தார். போர்ட்ரஷிலும் அதே நான்கு அடி முன்னிலை. மழையும் காற்றும் ஓங்கிய கடைசி நாளில் முதல் குழியிலேயே ஓர் அடியை இழந்தார். அன்று அவர் எடுத்தது 72, பாருக்கு ஒன்று அதிகம். ஆனாலும் ஆறு அடி வித்தியாசத்தில் வென்றார். துரத்தியவர்கள் அந்த வானிலையில் அவரைவிட அதிகம் இழந்தார்கள்.

பெண்கள் விஷயத்தில் என் வாதம் இவ்வளவு உறுதியாக நிற்காது. அமெச்சூர் தரவரிசையில் மொத்தம் 135 வாரங்கள் உலக முதலிடத்தில் இருந்த லியோனா மக்வயர், அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஆடித் தேர்ந்து 2018இல் தொழில்முறைக்கு மாறினார், 2022இல் எல்.பி.ஜி.ஏ. பட்டம் வென்றார். அவரை வளர்த்ததில் பாதிப் பங்கு அமெரிக்கக் கல்லூரிக் களத்துக்குச் சேரும்.