சாம்பலுக்கும் டோன் உண்டு

கறுப்பு-வெள்ளைப் படத்தில் நிறத்துக்கு வேலை இல்லை என்று நினைப்பவர்கள் திருப்பூர் டையிங் மாஸ்டர் ஒருவரிடம் பத்து நிமிடம் பேசிப் பார்க்கலாம். நாம் கறுப்பு என்று ஒரே சொல்லில் முடிப்பதை அவர் ரெட் டோன், புளூ டோன், கிரீன் டோன் என்று பிரித்துச் சொல்வார். பருத்திக்கு ஏராளமாகப் புழங்கும் ரியாக்டிவ் பிளாக் 5 என்ற சாயம் தனியாக நின்றால் கருநீலம்தான். அதோடு ஆரஞ்சோ சிவப்போ அளந்து சேர்த்த பிறகே துணி கறுப்பாகிறது. அந்த அளவு கொஞ்சம் பிசகினாலும், "ஏனுங்க, இது பச்சை அடிக்குதுங்களே" என்று துணி திரும்பி வந்துவிடும்.

கறுப்பு-வெள்ளை டிஜிட்டல் படத்தை அச்சிடுபவரின் தலைவலியும் இதுதான். திரையில் சுத்தமான சாம்பலாக இருந்த முகம் காகிதத்தில் லேசாக மெஜந்தா பூசிக்கொண்டு வருகிறது. நிழல் பகுதி பாசி பிடித்ததுபோல் பச்சை அடிக்கிறது. வண்ணப் படத்தில் இதே அளவு நிறப்பிசகு இருந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். புடவையின் சிவப்பும் இலையின் பச்சையும் அதை மறைத்துவிடும். சாம்பலில் ஒளிய இடமில்லை. நடுநிலைச் சாம்பலுக்குப் பக்கத்தில்தான் நம் கண் நிற வேறுபாட்டை மிக நுட்பமாகப் பிடிக்கிறது.

பழைய இருட்டறை அச்சில் இந்தத் தொல்லை குறைவு. அங்கே படத்தை உண்டாக்குவது வெள்ளித் துகள். அது ஒளியின் எல்லா அலைநீளங்களையும் ஏறக்குறைய ஒரே சீராக விழுங்கும். அதனால் எந்த விளக்கின் கீழ் வைத்தாலும் சாம்பல் சாம்பலாகவே நிற்கும். கலர் லேபில் போடும் காகிதத்தில் கறுப்பு என்று ஒரு சாயமே கிடையாது. சையான், மெஜந்தா, மஞ்சள் மூன்றும் சரிசமமாகச் சேர்ந்து கறுப்பாகவும் சாம்பலாகவும் நடிக்கின்றன. சாதாரண இன்க்ஜெட் பிரிண்டரும் மெல்லிய சாம்பலைப் பெரும்பாலும் இந்த மூன்றைக் கலந்தே செய்கிறது. மூவரில் ஒருவர் ஓர் அடி முன்னே வைத்தாலும் படம் அவர் பக்கம் சாய்ந்துவிடும்.

இந்த இடத்தில்தான் திருப்பூர் முதலிபாளையத்துக்காரர்களுக்கு ஓர் அனுகூலம் இருக்கிறது. சிட்கோ தொழிற்பேட்டையும் நிஃப்ட்-டீ பின்னலாடைக் கல்லூரியும் இருக்கும் ஊர் இது. சாம்பலின் டோனைச் சோதிக்க வேண்டிய கருவி புகைப்பட ஸ்டூடியோவில் இல்லாமல் போகலாம். பின்னலாடைத் தொழிலில் அது அன்றாடப் பண்டம். லைட் பாக்ஸைத்தான் சொல்கிறேன். உள்ளே சாம்பல் வண்ணம் பூசிய அந்தப் பெட்டியில் பகலொளிக்கு டி65, ஐரோப்பியக் கடை வெளிச்சத்துக்கு டிஎல்84, மஞ்சள் குண்டு பல்புக்கு ஏ, கூடவே புற ஊதா விளக்கு என ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பார்கள். ஒரு விளக்கில் ஒத்துப்போன இரண்டு துணிகள் அடுத்த விளக்கில் பிரிந்து நின்றால் மெட்டாமெரிசம் என்பார்கள். எக்ஸ்போர்ட் ஆர்டரில் அதற்கு மன்னிப்பு இல்லை.

புகைப்பட அச்சுக்கும் இதே பரீட்சை பொருந்தும். மூன்று வண்ண மைகள் கலந்த சாம்பலின் ஒளிப் பிரதிபலிப்பு மேடும் பள்ளமுமாக இருக்கும். டிஎல்84 போன்ற விளக்குகளின் ஒளியோ சில அலைநீளங்களில் மட்டும் உயர்ந்து நிற்கும். மேட்டில் மேடு விழுந்தால் ஒரு நிறம், பள்ளத்தில் விழுந்தால் வேறொரு நிறம். எப்சன் நிறுவனம் 2000ஆம் ஆண்டில் கொண்டுவந்த ஸ்டைலஸ் போட்டோ 2000பி பிரிண்டர் இதற்குப் பேர்போன உதாரணம். பிக்மென்ட் மை என்பதால் அதன் அச்சுகள் நெடுநாள் மங்காமல் நிற்கும் என்ற பெருமை இருந்தது. ஆனால் வீட்டுக்குள் பல்பு வெளிச்சத்தில் நன்றாக இருந்த படம் ஜன்னலோரம் வந்ததும் பச்சை அடித்தது. அதே நிறுவனம் 2005இல் கறுப்பு, வெளிர் கறுப்பு, அதனினும் வெளிர் கறுப்பு என மூன்று அடர்த்திகளில் கறுப்பு மையைக் கொண்டுவந்த பிறகு சாம்பலின் பாரத்தைக் கறுப்பே சுமந்தது. வண்ண மைகள் டோனை இழைக்க மட்டும் தொட்டுக்கொள்ளும் ஊறுகாயாயின.

வண்ணத்தை முழுக்க ஒதுக்கி, கறுப்பு மையை மட்டும் வைத்து அச்சிடுபவர்களும் உண்டு. பனியன் ஊர்க்காரர்களுக்கு அந்த அழகு புதிதல்ல. அது கிரே மெலாஞ்ச்தான். கறுப்பு இழையும் வெள்ளை இழையும் கலந்து நூற்ற அந்தத் துணி எட்ட நின்றால் சாம்பல், கிட்டே போனால் கறுப்பும் வெள்ளையும். கறுப்பு மைப் புள்ளிகளும் வெள்ளைக் காகிதமும் அதே கலப்பைத்தான் செய்கின்றன. வெளிச்சம் மாறினாலும் டோன் அதிகம் புரளாது. ஆனால் மெல்லிய சருமத்திலும் வானத்திலும் புள்ளி கண்ணில் உறுத்தும். கார்பன் கறுப்பு மெலிந்து பரவும்போது கொஞ்சம் பழுப்பு அடிக்கும் என்பதையும் ஏற்றுக்கொண்டாக வேண்டும்.

பிசகு வந்தால் எங்கே தேடுவது? முதலில் வெளிச்சம். அறையின் பச்சைச் சுவரும் மலிவான எல்இடி விளக்கும் எத்தனையோ நல்ல அச்சுகளைக் குற்றவாளியாக்கியிருக்கின்றன. அடுத்து கோப்பு: சிவப்பு, பச்சை, நீல எண்கள் மூன்றும் எல்லா இடத்திலும் சமமாக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். பிறகு, நிறத் திருத்தத்தை மென்பொருளும் பிரிண்டரும் இருவருமே செய்கிறார்களா என்று பார்க்க வேண்டும். படம் முழுக்க ஒரே நிறம் ஏறுவதற்கு இது பெரிய காரணம். ஒருவரை ஓய்வெடுக்கச் சொன்னால் தீர்ந்துவிடும். போட்டிருக்கும் காகிதம் ஒன்று, பிரிண்டரிடம் சொன்ன காகிதம் வேறு என்றாலும் இதே கதைதான். நாசில் அடைப்பு தன் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் போகும்: மஞ்சள் வராவிட்டால் நீலம் அடிக்கும், மெஜந்தா வராவிட்டால் பச்சை, சையான் வராவிட்டால் சிவப்பு. அச்சு வந்த சூட்டில் தீர்ப்புச் சொல்லவும் கூடாது. மை உலர ஓர் இரவு கொடுங்கள்; டோன் கொஞ்சம் நகர்ந்து அடங்கும்.

இவற்றையெல்லாம் மீறிய ஒரு பிசகு உண்டு. நிழலில் பச்சை, வெளிச்சப் பகுதியில் மெஜந்தா. ஒரு பக்கம் திருத்தினால் மறுபக்கம் கெடும். அதற்கு வெள்ளையிலிருந்து கறுப்புவரை படிப்படியாக ஏறும் சாம்பல் பட்டையை அச்சிட்டு, ஒவ்வொரு படியையும் அளக்க வேண்டும். சாய ஆய்வகங்களில் ஷேடு ஒப்பிட வைத்திருக்கும் ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் இதையும் அளக்கும். 1976இல் வந்த சிஐஇ லேப் முறையில் 'ஏ' என்ற எண் சிவப்பு-பச்சையையும் 'பி' என்ற எண் மஞ்சள்-நீலத்தையும் சொல்லும். இரண்டும் பூஜ்யத்தை ஒட்டி நின்றால் சாம்பல் சுத்தம்.

காகிதத்தின் வெள்ளையையும் மறக்கக் கூடாது. வெள்ளை பனியனைப் பளிச்சிட வைக்கும் ஆப்டிகல் பிரைட்னர் புகைப்படக் காகிதத்திலும் உண்டு. புற ஊதாக் கதிரை வாங்கி நீலமாக உமிழும் பொருள் அது. பகலில் படத்தின் வெளிச்சப் பகுதி குளிர்ந்து தெரிவதும், பல்பில் அது அடங்கிப்போவதும் இதன் வேலை. மையைக் குறை சொல்லும் முன் பெட்டியின் புற ஊதா விளக்கைப் போட்டால் உண்மை தெரிந்துவிடும்.

அப்படியானால் டோன் இருக்கவே கூடாதா? 1858இல் மதுரை, தஞ்சாவூர் கோயில்களை லின்னேயஸ் ட்ரைப் எடுத்த படங்களைப் பாருங்கள். பழுப்பும் ஊதாவும் கலந்த அந்த வெதுவெதுப்பில்தான் கருங்கல் தூண்களுக்கு உடம்பு வருகிறது. செபியாவும் செலீனியமும் தோய்ந்த வெள்ளி அச்சுகளுக்கும் தனி அழகு உண்டு. அவற்றில் ஒரு டோன் ஆரம்பம் முதல் கடைசிவரை ஒரே மனதாக நிற்கிறது. அச்சிட்டவர் கேட்டு வாங்கிய டோன் அது. கேட்காமல் வந்து, நிழலில் ஒரு முகமும் வெளிச்சத்தில் வேறொரு முகமும் காட்டுவதுதான் குற்றம்.

ஆகவே கறுப்பு-வெள்ளைப் படம் அச்சிடக் கொடுப்பவர்களுக்கு ஒரு சொல். துணிக்குக் காட்டும் கண்டிப்பைப் படத்துக்கும் காட்டுங்கள். பகலொளியில் ஒருமுறை, கடை வெளிச்சத்தில் ஒருமுறை, மஞ்சள் பல்பில் ஒருமுறை பாருங்கள். மூன்றிலும் டோன் மாறாமல் நின்றால் பணத்தைக் கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள். மாறினால், தயங்காமல் ரீபிரிண்ட் கேளுங்கள்.